வெள்ளை வேறு, வெட்டை வேறு

முத்தையா,

புளியங்குடிப் பெண் வீட்டுக்கு நேரில் போய், அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன் பெரியப்பா வழியாக இந்தச் செய்தி உனக்கு வந்து சேர்வதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர் சொன்னால், உன் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அதற்கப்புறம் நான் சொல்வது எதுவும் உன் காதில் ஏறாது. கூட்டாளிகள் சுற்றி இருக்கும்போது இதைப் பிரிக்காதே. தனியாக உட்கார்ந்து வாசி. ஒரு அம்மா மகனுக்கு எழுதுகிற விஷயமா இது என்று பாதியில் உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. உன் அப்பா எழுதினால் நாலு வரியில் முடித்துவிடுவார், அந்த நாலு வரியும் திட்டாகத்தான் இருக்கும். அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

சித்திரை வெயிலில், ஒரு மத்தியானம், மதுரையிலிருந்து நீ வேலை பார்க்கிற, பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸிலேயே உலகம்மையைக் கூட்டி வந்தாய். அவளுடைய டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்தாய். உன் அப்பாவிடம், "சீக்காளியத் தலையில கட்டிட்டாங்கப்பா. இவகூட இனி நான் குடும்பம் நடத்த முடியாது" என்றாய். "என்ன சீக்குலே?" என்று அவர் கேட்டதற்கு, "பொம்பளச் சீக்கு. அம்மாவ விட்டுக் கேக்கச் சொல்லுங்க" என்றாய். பஸ்ஸுக்குக் கரி போட நேரமாகிவிட்டது என்று சொல்லி, நான் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாய். அவள் தலையைக் குனிந்தபடி நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அச்சன்புதூரிலிருந்து மறுவீட்டுக்கு வந்த அன்று நம் வாசல் ஈரத்தில் வழுக்கி விழுந்து, எழுந்திருப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிய பெண் அவள். உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் சிரித்ததைப் பார்த்து நீயும் சிரித்தாய்.

வந்த நாளிலிருந்து அவள் தனித் தட்டில் சாப்பிட்டாள். தன் பாயைத் தானே சுருட்டி வைத்துக்கொண்டாள். கிணற்றடி மறைப்புக்குள் போனால் வெளியே வர நேரமாகும். ஒருநாள் உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் படிகாரக் கட்டியும் பிழிந்த எலுமிச்சம்பழத் தோலும் கிடந்தன. அவற்றைக் கரைத்து உடம்புக்குள் விட்டுக் கழுவியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி மதுரையில் சொல்லிக் கொடுத்த வைத்தியமாம். "என்னட்டி செய்யுத?" என்று நான் கத்தியதும் அவள் பயந்துபோனாள். அப்புறம்தான் வாய் திறந்தாள். "வெள்ளை வெட்டை அத்தை. மஞ்சளா வருது, வாடை அடிக்கு. ஒண்ணுக்குப் போனா எரியுது. அடிவயிறு வலிக்கு. கழுவக் கழுவக் கூடத்தான் செய்யுது" என்றாள்.

எனக்குத் தெரிந்தது சூடு ஒன்றுதான். பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே என்ன வந்தாலும் அதற்கு நம் பக்கத்தில் சூடு என்றுதானே பெயர். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். இளநீர், நீராகாரம், சோற்றுக் கற்றாழை எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இதற்கிடையில் உன் பெரியப்பா வேறு சும்மா இருக்கவில்லை. புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கிற ஒரு குடும்பம், ஒரே பெண், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று வந்து சொன்னார். மூத்தாள் இருக்கும்போதே இன்னொருத்தியா என்று உன் அப்பா இழுத்தார். "சீக்காளி எப்படிடே மூத்தாளு ஆவா? அவள அவ அப்பன் வீட்டுல கொண்டுபோய் விட்டுருங்க" என்றார் பெரியப்பா. உலகம்மை அப்போது உள்ளே மாவு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கைச் சத்தம் நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது.

ஆனியில் சாரல் தொடங்கியது. அருவித் தண்ணீரில் மூலிகை கலந்து வருகிறது, தொடர்ந்து குளித்தால் எல்லாச் சூடும் இறங்கிவிடும் என்று நம் ஊரில் எல்லாரும் சொல்கிறதைத்தான் நானும் நம்பினேன். வண்டி கட்டி அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். சிற்றாற்றங்கரையில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, காலையிலும் சாயங்காலமும் பேரருவிக்குப் போய் வந்தோம். ஈரச் சேலையோடு வெகுநேரம் நிற்பாள். உடம்பு வெடவெடவென்று ஆடும். குளிரால் என்று நினைத்தேன். காய்ச்சல் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் பெண்கள் பக்கத்தில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே பாறையில் சுருண்டுவிட்டாள். சாமி வந்திருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். மசக்கை என்றாள் இன்னொருத்தி. எங்களைப் போலவே தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற ஒரு அம்மாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்து, அவள் நெற்றியையும் வயிற்றையும் தொட்டுப் பார்த்தாள். "இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கு. இதையா அருவியில நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்றாள். அவள் திருநெல்வேலியில் பெண்கள் ஆஸ்பத்திரி டாக்டர். சீசனுக்காக வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். அது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

டாக்டரம்மா தங்கியிருந்த வீட்டுக்கே எங்களைக் கூட்டிப் போனாள். உலர்ந்த சேலை கொடுத்தாள். உலகம்மையைக் கட்டிலில் படுக்கவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பரிசோதித்தாள். என்னை உள்ளேயே இருக்கச் சொன்னாள். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. என்ன நிறம், என்ன வாடை, அரிக்கிறதா எரிகிறதா, தீட்டு இல்லாத நாளில் இரத்தம் படுகிறதா, எப்போதிலிருந்து. உலகம்மை முகத்தை மூடிக்கொண்டு, "எனக்கு வெள்ளை வெட்டைங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். டாக்டரம்மா அவள் கையை எடுத்து இறக்கிவிட்டாள். "வெள்ளை வேற, வெட்டை வேற. வெள்ளைங்கிறது உடம்போட ஈரம், வெட்டைங்கிறது கிருமிச் சீக்கு. ரெண்டையும் சேர்த்துச் சேர்த்துச் சொல்லித்தான் பாதிப் பேர் பயந்து சாகுதாங்க, மீதிப் பேர் வைத்தியம் பார்க்காமச் சாகுதாங்க" என்றாள்.

அவள் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று நினைக்காதே. பெண்ணின் உடம்பை வைத்து, அவளோடு குடும்பம் நடத்தலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொன்னவன் நீ. அந்த உடம்பைப் பற்றி நாலு விஷயம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "வாயில எச்சில் ஊறுதுல்லா, கண்ணுல ஈரம் இருக்குல்லா, அதே மாதிரி அங்கனயும் ஈரம் உண்டு. அது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கிடும். ரெண்டு தீட்டுக்கு நடுவுல முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு வரும். தீட்டு நெருங்கினா கொஞ்சம் கட்டியா, வெள்ளையா வரும். பிள்ளை உண்டானாக் கூடுதலா வரும். துணியில காஞ்சா லேசா மஞ்சளாத் தெரியும். இதெல்லாம் சீக்கு இல்ல. இதுக்கு மருந்தும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம்" என்றாள். ஒவ்வொருத்திக்கும் அவளவளுக்கென்று ஒரு வழக்கம் இருக்கும், அந்த வழக்கம் மாறும்போதுதான் கவனிக்க வேண்டும் என்றாள். தயிர் திரிந்த மாதிரி வந்து தாங்கமுடியாமல் அரித்தால் அது ஒன்று. காளான் மாதிரிப் படர்கிற கிருமி அது, நல்ல ஒழுக்கமான பெண்களுக்கும் பிள்ளைத்தாச்சிகளுக்கும் வரும், ஊதா மருந்து தடவினால் போய்விடும். நுரைத்துக்கொண்டு பச்சையாக வந்தால், மீன் கழுவின தண்ணீர் மாதிரி வாடை அடித்தால், அது வேறு. இவளைப் போல மஞ்சளாக வந்து, எரிச்சலும் அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. "ஆனா கண்ணால பார்த்து மட்டும் நானே முடிவு சொல்ல மாட்டேன். எடுத்து, கண்ணாடிச் சில்லுல தடவி, பூதக்கண்ணாடியில பார்த்தாத்தான் தெரியும்" என்றாள்.

நான் அங்கே ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், முத்தையா. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. நீ பிறப்பதற்கு முன்னால், கல்யாணமான புதிதில், அந்த வெள்ளைக்கரு மாதிரி வருவதைப் பார்த்துவிட்டு, உடம்பு உருகிப் போகிறது, நான் செத்துப்போகப் போகிறேன் என்று முடிவு கட்டியவள் நான். எலும்பு உருகித்தான் வெள்ளையாக வருகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சோறு இறங்கவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. உன் அப்பாதான் ஒருநாள் வயலிலிருந்து வந்தவர், சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன செய்யுது உனக்கு? எங்கிட்டச் சொல்லக்கூடாத வலியா?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னாலும் தெரிந்திருக்காது. ஆனால் அப்படி ஒருவர் கேட்டார் என்பதிலேயே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. நீ உலகம்மையிடம் அப்படி ஒரு தடவை கேட்டிருக்கிறாயா? அவளிடமே நான் விசாரித்தேன். "மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியில போய்ப் படுத்துக்கிடுவாக" என்றாள்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். டாக்டரம்மா அவளிடம், "உன் வீட்டுக்காரருக்கு ஏதாவது தொந்தரவு உண்டா? ஒண்ணுக்குப் போகும்போது எரியுதுன்னு சொல்லுவாரா?" என்று கேட்டாள். உலகம்மை என்னைப் பார்த்தாள். "சொல்லு, மறைக்காதே" என்றேன் நான். அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கல்யாணமான புதுசுல சொல்லுவாக. பஸ்ஸுல அனல் பக்கத்துலயே நிக்குறதால சூடுன்னு சொல்லுவாக. சீனியில சந்தனத் தைலம் சொட்டுவிட்டுத் தெனமும் சாப்பிடுவாக. வேட்டியில கறை இருக்கும், நான்தான் துவைப்பேன். பெறவு நின்னுபோச்சு. அவுகளுக்கு நின்ன பெறகுதான் எனக்கு வந்தது. நான் துவைச்சதால தொத்திக்கிட்டதா, இல்ல எங்கிட்ட இருந்துதான் அவுகளுக்குப் போச்சான்னு தெரியலை" என்றாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நாளைக்கே ரயில்ல திருநெல்வேலிக்குக் கூட்டிட்டு வாங்க, நானும் வாரேன்" என்றாள். அவளுடைய விடுமுறை அன்றோடு முடிந்துபோனது, எங்களால்.

ஆஸ்பத்திரியில் எடுத்துப் பார்த்தார்கள். வெட்டைதான். புதிதாக வந்திருக்கிற ஒரு மாத்திரை இருக்கிறது, யுத்தத்தால் அது கிடைப்பதே பாடு. டாக்டரம்மா எங்கெங்கோ சொல்லி வாங்கிக் கொடுத்தாள். குமட்டிக்கொண்டு வரும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சொம்பும் கையுமாக அவள் கட்டில் பக்கத்திலேயே கிடந்தேன். காய்ச்சல் இறங்கியது. வலி விட்டது. மறுபடியும் எடுத்துப் பார்த்து, இப்போது கிருமி இல்லை என்றார்கள். நான் கும்பிடப் போனேன். டாக்டரம்மா கையை நீட்டித் தடுத்தாள். "இன்னும் முடியலம்மா. இது தண்ணியில வராது, சூட்டுல வராது, துணி துவைச்சா வராது. சேர்ந்து இருக்கிறதாலதான் வரும். இந்தப் பிள்ளை புருஷனைத் தவிர வேற யாரையும் அறியாதவ. அப்ப எங்கேயிருந்து வந்ததுன்னு நீங்களே பார்த்துக்கிடுங்க. உங்க மகனுக்கு எரிச்சல் நின்னுருக்கும், சீக்கு நின்னுருக்காது. அவரு வைத்தியம் பண்ணாம இவகூடச் சேர்ந்தா, நான் செஞ்சது அத்தனையும் வீண்" என்றாள். குழந்தை பிறக்குமா என்று உலகம்மை கேட்டாள். "பிறக்கலாம். சத்தியம் பண்ணிக் கொடுக்க என்னால முடியாது" என்றாள் டாக்டரம்மா. அந்தப் பதிலை உலகம்மை வாங்கிக்கொண்ட விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தலையை ஆட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் தொடவில்லை. என் மகன் செய்ததற்கு என் கை ஆறுதல் சொல்லலாமா என்று எனக்கே தெரியவில்லை.

உன் மேல் எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். ரயிலில் தென்காசி வருகிற வரைக்கும் மனசுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். சீக்கு உன்னுடையது, பழி அவள் தலையில். அதுவும் அவளே தன் மேல் பழியைப் போட்டுக்கொள்ளும்படி ஆக்கிவிட்டாய். ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது வேறொன்று ஞாபகம் வந்தது. நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் உனக்கு விரல் இடுக்கெல்லாம் சொறி. உனக்கு மட்டும் கந்தகமும் எண்ணெயும் குழைத்துப் பூசினோம். போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியில் வீட்டில் இருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் பூசிக்கொண்டு, பாய் தலையணை எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு எடுத்த பிறகுதான் ஒழிந்தது. முதலில் கொண்டுவந்தவன் நீதான். அதற்காக உன்னை யாரும் வாசலுக்கு வெளியே நிறுத்தவில்லை. சீக்கு வந்தவனைச் சீக்கு வந்தவனாகத்தான் பார்த்தோம். இப்போதும் அப்படித்தான் பார்க்க முயற்சி செய்கிறேன். எந்த ஊரில், யாரிடமிருந்து என்று நான் கேட்கப் போவதில்லை. அது உனக்குத் தெரிந்தால் போதும். நீ தெரியாமல் செய்திருக்கலாம். தைலம் சாப்பிட்டோம், எரிச்சல் நின்றது, தீர்ந்தது என்று நம்பியிருக்கலாம். ஆனால் இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த பிறகு, எனக்குத் தெரியாது என்று சொல்ல உனக்கு வழியில்லை.

உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் நிமிரவே இல்லை. அப்புறம் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "புளியங்குடிப் பிள்ளைக்கும் இதைக் கொடுக்கத்தான் நாம தாம்பூலம் மாத்தப் போறோமா?" என்று கேட்டார். உன் பெரியப்பாவிடம் சொல்லி நிறுத்தலாம் என்றேன். "அண்ணாச்சிகிட்டச் சொன்னா, மகன் மானம் போயிரும்னு மூடித்தான் வைப்பாரு. கல்யாணம் நடக்கத்தான் செய்யும். நீ போ. அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட நேராச் சொல்லு" என்றார்.

போனேன். வாசல் நிறைய எலுமிச்சம்பழத்தைக் கொட்டி, தாயும் மகளும் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரி என்று அந்தப் பெண் எழுந்து ஓடிப்போய்க் கைகழுவிவிட்டு வந்து என் காலைத் தொட்டாள். சின்னப் பெண், முத்தையா. பழச்சாறு காதோரத்தில் ஒட்டியிருந்தது, அது தெரியாமல் வெட்கப்பட்டு நின்றாள். அவளை உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டு, அவள் அம்மாவிடம் சொன்னேன். "எங்க மருமக சீக்காளின்னு உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க. சீக்கு என் மகனுக்கு. அவன்கிட்ட இருந்துதான் அவளுக்கு வந்தது. அவன் இன்னும் வைத்தியம் பண்ணிக்கிடல. உங்க பிள்ளையக் கொடுக்காதீங்க." அவள் கையிலிருந்த பழத்தைக் கீழே போடவும் இல்லை, கூடையில் வைக்கவும் இல்லை. "எந்தத் தாயும் இப்படி வந்து சொல்லி நான் கேட்டதில்லையே அக்கா" என்றாள். எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. எழுந்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். உள்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்தச் சீக்கு வந்தா எப்படி இருக்கும்? என்ன நிறத்துல வரும்?" என்று கேட்டாள். மகளுக்காகக் கேட்கிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் நிதானமாகச் சொன்னேன். அவள் திரும்பி என்ன சொன்னாள் என்பதை உனக்கு எழுத மாட்டேன், அது அவளுடையது. நான் வண்டி ஏறுகிறபோது, அந்த ஆஸ்பத்திரிக்கு ரயிலடியிலிருந்து எப்படிப் போக வேண்டும் என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். பெண்ணைக் கொடுக்காதே என்று சொல்லப்போன வீட்டிலிருந்து ஒரு கூடை பழத்தோடு திரும்பி வந்தேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. கடைத்தெருவில் விளம்பரம் ஒட்டி, ரகசிய வைத்தியம் என்று அழைக்கிறவர்களிடம் போகாதே. டாக்டரிடம் சூடு என்று சொல்லாதே. எரிந்தது, சீழ் வந்தது, தைலம் சாப்பிட்டேன், பெண்சாதிக்கு வெட்டை என்று பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று இருக்கிறது இருக்கிறபடியே சொல். வெட்கமாக இருக்கும். முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் நடுவில் உலகம்மை பாறையில் சுருண்டு கிடந்ததை நினைத்துக்கொண்டு சொல். எடுத்துப் பார்த்து, கிருமி துளிகூட இல்லை என்று அவர்கள் சொல்கிற வரைக்கும் யாரோடும் சேராதே. யாரோடும் என்றுதான் எழுதியிருக்கிறேன், புரிந்துகொள். உன்னைப் போலவே தைலத்தைச் சர்க்கரையில் விட்டுக்கொண்டு திரிகிற டிரைவர்களும் கிளீனர்களும் உன் கூட இருப்பார்கள். அவர்கள் வீடுகளிலும் கிணற்றடியில் ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். அவர்களிடம் உன் வாயால் சொல்ல முடிந்தால் சொல். அது என்னைவிட நீ சொன்னால் எடுபடும்.

நாளைக்கு உன்னோடு வாழப்போகிறவள் உலகம்மையாக இருந்தாலும் சரி, காலம் வேறு மாதிரிக் கொண்டுபோய் விட்டாலும் சரி, அவள் துணியில் ஈரத்தைப் பார்த்தால் மூக்கைப் பொத்தாதே. வழக்கமானதாக இருந்தால் அது அவள் உடம்பு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மாறியிருந்தால் அவளுக்கு வைத்தியம் வேண்டும், உனக்கும் வேண்டியிருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாவிட்டால் அவளைக் கேள். அவளுக்கும் தெரியாவிட்டால் இரண்டு பேருமாக டாக்டரிடம் போங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது. உனக்கு இப்போதே தெரிந்துவிட்டது, அதற்கு அவள்தான் தன் உடம்பால் விலை கொடுத்திருக்கிறாள்.

உலகம்மை இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். தனித் தட்டை நான் எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கிவிட்டேன். அவளுடைய அப்பா வந்து கூப்பிட்டார். நடவு முடிந்ததும் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டாள். நம் வயலில் நாற்று நடுகிற பெண்களோடு அவளும் இறங்கியிருக்கிறாள், டாக்டரம்மா வேலை செய்யலாம் என்று சொன்ன பிறகுதான். நேற்று வரப்பில் கஞ்சி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, முத்தையாவுக்கு எழுதப் போகிறேன், நீ என்ன சொல்கிறாய், அவனை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் சேற்றுக் கையை வாய்க்கால் தண்ணீரில் அலசினாள். நிதானமாகக் கஞ்சியைக் குடித்து முடித்தாள்.

"மொதல்ல மருந்து சாப்பிடட்டும், அத்தை. வாரதும் வராததும் அவுக பாடு. நான் எங்கேயும் ஓடிப் போயிறல, அவுகளுக்காகக் காத்துக் கெடக்கவும் இல்லைன்னு எழுதுங்க" என்றாள்.

சொன்னபடியே எழுதிவிட்டேன்.

உன் அம்மா